குழாயடியில் இரோக்கோ மணம்

ஒடென்சே நகரில் மகனின் புது வீட்டுச் சமையலறை மேடைக்கு மரப்பலகை பூட்டினார்கள். குழாய்க்காக அதில் துளை போட்டதும் மிளகு போன்றதொரு காரம் மூக்கில் ஏறியது.

"இரோக்கோ அம்மா. ஆபிரிக்க மரம்," என்றான் மகன்.

அந்த மணம் எனக்குத் தெரியும். அப்பா நைஜீரியாவில் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் அந்த மரங்கள் காடாக நின்றன. மரம் ஏற்றும் லொறிகளுக்காகக் காட்டுக்குள் பாதை வெட்டினார்கள். "இனி பஸ்ஸும் வரும்," என்று அப்பா சந்தோசப்பட்டார். மரங்கள் துறைமுகத்துக்குப் போயின. அதே பாதையால் வந்தவர்கள் மிச்சக் காட்டை எரித்து மரவள்ளி நட்டார்கள். அடுத்த மழைக்கு, நாங்கள் குடிக்க அள்ளும் ஓடை செம்மண்ணாக ஓடியது.

அம்மா யாழ்ப்பாணத்தில் மாரிகாலத்தில் செய்வதுபோல, அப்பாவின் வேட்டியை நான்காக மடித்துக் குடத்தின் வாயில் கட்டித் தண்ணீரை வடித்தார்.

"இஞ்ச பாருங்கோ, பிறகும் சிவப்பாத்தான் வருது."

அப்பாவிடம் இருந்தது இன்னொரு வேட்டிதான். அதையும் எடுத்துக் கொடுத்தார்.

வேலை முடிந்ததும் மகன் குழாயைத் திறந்தான். தண்ணீர் கண்ணாடி போல் விழுந்தது.

"வடிவா இருக்கோ அம்மா?"

"ஓம் ராசா," என்றேன். என் கை, அந்தக் குழாயின் வாயில் கட்டுவதற்கு ஒரு துணியைத் தேடியது.