சித்திரையில் எடுத்த படம்

பெரிய மனது பண்ணி மன்னித்துவிட்டேன் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறாமையாக இருக்கும். எனக்கு வாய்த்தது சின்ன மனது. என்னை அவமானப்படுத்தியவனை நான் மன்னிக்கவில்லை, பழி வாங்கினேன். அதற்குத் தேவைப்பட்டது ஒரு கம்ப்யூட்டரும், ஒரு டீ ஆறுகிற நேரமும்தான்.

பீளமேட்டில் பழைய மில் ஒன்றுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலத்தை வரைபடமாக்கிக் கொடுப்பது எங்கள் தொழில். எந்த ஊரில் சுகாதார நிலையம் கட்டினால் நாலு ஊருக்கு உதவும், எந்தத் தடத்தில் பஸ் விடலாம், எந்தக் குளத்தைத் தூர்வாரலாம் என்று அரசாங்கம் கேட்கும். நாங்கள் கலர் கலராக வரைந்து கொடுப்போம். எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. காட்டுக்குள் தனி வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையை முதல் தடவை மேலிருந்து திரையில் பார்த்த அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காங்கேயம் பக்கம் பத்துப் பதினைந்து ஊராட்சிகளுக்குச் சேர்த்து ஒரே குப்பைக் கிடங்கு அமைக்க இடம் தேட வேண்டும் என்று ஒரு வேலை வந்தது. புறம்போக்கு எங்கேயும் போதுமான அளவுக்கு இல்லை. அதனால் பட்டா நிலத்தையும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் விவசாய நிலத்தையும் மேய்ச்சல் நிலத்தையும் தொடக்கூடாது, தரிசாக மட்டுமே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் தள்ளி, ரோட்டுக்குப் பக்கத்தில், பத்து ஏக்கருக்குக் குறையாமல் வேண்டும். கம்ப்யூட்டர் தேடிப் பார்த்து இரண்டே இரண்டு இடங்களைச் சிவப்பாகக் காட்டியது. அதில் ஒன்று எங்கள் கொறங்காடு.

கொறங்காடு என்றால் எங்கள் பக்கத்து மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே அங்கங்கே வெள்வேல மரம், கீழே கொழுக்கட்டைப் புல். காலையில் ஆடு மாட்டை உள்ளே விட்டு முள்படலைச் சாத்திவிட்டால் சாயங்காலம் வரைக்கும் பார்க்க வேண்டியதில்லை. மழை பெய்தால் நாலே நாளில் பச்சை ஏறிவிடும். சித்திரையில் மட்டும் புல் தூரோடு காய்ந்து தரை வெளுத்துக் கிடக்கும். அந்தத் தூரைக் கொறித்தே ஆடு பிழைத்துக்கொள்ளும். எங்கள் பதினோரு ஏக்கரில் வளர்ந்த ஆடுகள்தான் என்னைக் கல்லூரி வரைக்கும் படிக்கவைத்தன. அப்பாவுக்கு அதை விட்டால் வேறு நிலம் கிடையாது.

எங்களுக்குக் கிடைத்திருந்தது சித்திரையில் எடுத்த படம். மேகமில்லாத தெளிவான படம் கோடையில்தான் அமையும். பச்சையாக இருந்தால் பயிர், வெளுத்திருந்தால் தரிசு. கம்ப்யூட்டருக்கு அவ்வளவுதான் தெரியும். அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

மேனேஜருக்குத் தெரியும். அவனும் எங்கள் பக்கத்துக்காரன்தான். அதே ரோட்டில் இரண்டு கல் தள்ளி அவன் அப்பாவின் கொறங்காடு இருந்தது, பன்னிரண்டு ஏக்கர். சிவப்பாகியிருந்த இன்னொரு இடம் அதுதான். அவனிடம் போய், “சார், அது தரிசில்லைங்க, கொறங்காடுங்க. ஐப்பசிப் படத்தையும் வாங்கிப் பார்க்கலாமுங்க. இல்லீன்னா ஒருக்கா நேர்ல போயிட்டு வரலாமுங்க” என்றேன்.

அவன் நாற்காலியைத் திருப்பிப்போட்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். “அம்மணி, உங்க காடுன்னா கலரை மாத்திப்போடலாமுங்களா? நம்ம தொழில்ல டேட்டாதான் பேசோணும், பாசம் பேசப்படாதுங்க. நாலு ஆடு மேயற காட்டுக்கு நீங்க அழுதுட்டிருந்தா, ஊருக் குப்பையெல்லாம் என்ற தலையிலயா கொட்டறது?”

ஆபீஸே சிரித்தது. எங்கள் ஊர்த் தமிழில் ஒருத்தரைச் செருப்பால் அடிப்பதாக இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அடிப்பார்கள். அன்றையிலிருந்து நான் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனால் பின்னாலிருந்து யாராவது ‘மே’ என்று கத்துவார்கள். அவன் ஒரு தடவைகூட வேண்டாம் என்று தடுக்கவில்லை.

இதோடு போயிருந்தால் வீட்டில் வந்து அழுதுவிட்டு வேறு வேலை தேடியிருப்பேன். இரண்டு நாள் கழித்து, கடைசி வரைபடத்தைத் தயார் செய்யச் சொல்லிக் கோப்பை எனக்கே அனுப்பினான். திறந்து பார்த்தேன். சிவப்பு ஒன்றுதான் இருந்தது. எங்களுடையது. அவன் அப்பாவின் பன்னிரண்டு ஏக்கர் மஞ்சளாகி, ‘மேய்ச்சல் நிலம்’ என்று பெயரும் வாங்கியிருந்தது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். அவனுடைய தசை நன்றாகவே ஆடியிருந்தது.

முதல் படமும் என்னிடம் இருந்தது, திருத்திய படமும் இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போயிருந்தால் இரண்டு காடும் தப்பித்திருக்கும். அது எனக்கு அப்போதே தெரியும். இரண்டும் தப்பிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அவன் பேக்கரிக்கு டீ குடிக்கப் போயிருந்தான். எனக்கு வாங்கி வைத்த டீ மேஜையில் இருந்தது. எங்கள் காட்டை மஞ்சளாக்கினேன். அவனுடைய காட்டை, கம்ப்யூட்டர் முதலில் காட்டிய அதே சிவப்புக்குக் கொண்டுபோனேன். முடித்துவிட்டு டீயை எடுத்தபோது குடிக்கிற சூடு மிச்சமிருந்தது.

அவன் எந்த வரைபடத்தையும் முழுதாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவனில்லை. தலைப்பில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பான். ‘நேரில் சென்று சரிபார்க்கப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே, வெயிலில் ஒரு அடி வைக்காதவன், நீட்டாகக் கையெழுத்துப் போட்டான்.

ஒன்றிய அலுவலகத்தில் கூட்டம். அதிகாரியும் ஊராட்சித் தலைவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டனை அமுக்குவது என் வேலை, பேசுவது அவன் வேலை. தூரம், காற்றின் திசை, நிலத்தடி நீர் என்று அருமையாகப் பேசினான். “ஆகப் பொருத்தமான இடம் இதுதானுங்க” என்று திரும்பித் திரையைக் காட்டினான். அப்போதுதான் அவனும் பார்த்தான். நீட்டிய கை அப்படியே நின்றது.

ஒரு ஊராட்சித் தலைவி எழுந்தார். “ஏனுங்க, அது தரிசுங்களா? கொறங்காடாட்டம் இருக்குதுங்களே. நேர்ல போய்ப் பாத்தீங்களா?”

அதிகாரி காகிதத்தைப் புரட்டினார். “பாத்ததா கையெழுத்துப் போட்டிருக்காரே. சொல்லுங்க சார், தரிசுதானே?”

கொறங்காடு என்று அவன் சொன்னால் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது வெளியே வரும். கலரை யாரோ மாற்றிவிட்டார்கள் என்றால் முதலில் மாற்றியது யார் என்ற கேள்வி வரும். அவன் என்னைப் பார்த்தான். நான் பிஸ்கட் தட்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டேட்டா அப்படித்தானுங்க சொல்லுது” என்றான். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு பிஸ்கட்டை நான் தின்றதில்லை.

அவனால் என்னை எதுவும் செய்ய முடியவில்லை. நான் வாய் திறந்தால் அவனும் மாட்டுவான். நாலு மாதத்தில் வேலையை விட்டு பெங்களூர் போனான். கெடுவான் கேடு நினைப்பான் என்று நான் ஆபீஸில் வாய்விட்டே சொன்னேன். யாரும் ‘மே’ என்று கத்தவில்லை.

நம் காடு தப்பித்தது முருகன் செயல் என்று அப்பா என்னைச் சென்னிமலைக்கு அழைத்துப்போய் மொட்டை போட்டுக்கொண்டார். படி முழுக்க ஏறினேன். சந்நிதியில் கண்ணை மூடி நின்றபோதும் எனக்குக் கூட்டத்தில் அவன் முகம் போன போக்குதான் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

இரண்டு வருஷத்தில் அவன் அப்பாவின் காட்டில் கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வேலி போட்டு, குப்பை வண்டிகள் வரத் தொடங்கின. ஊருக்குப் போகும் பஸ் அதைத் தாண்டித்தான் போகும். எல்லோரும் ஜன்னலைச் சாத்துவார்கள். நான் மட்டும் சாத்தாமல் வருவேன்.

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தேன். எங்கள் படலுக்கு வெளியே நாலு மாடுகளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார். மேனேஜரின் அப்பா. மகன் பெங்களூரில் பிளாட்டில் இருக்கிறான், இவருக்கு மாட்டை விட்டுவிட்டுப் போக மனதில்லை. மேய்க்க இடமில்லாமல் எங்கள் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா, மேய்ந்துவிட்டுப் போகட்டும், அதற்கென்ன என்று சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை.

என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டார். “நல்லாருக்கியா கண்ணு? என்ற பையனோட ஆபீஸ்ல இருந்தவதான நீ?”

“ஆமாங்க.”

“எங்க காட்டைத் தரிசுன்னு எழுதிப்போட்டாங்க கண்ணு. நாப்பது வருசமா மாடு மேஞ்ச காடு. இவன்கிட்டக் கேட்டா, எனக்கொண்ணும் தெரியாது, கம்ப்யூட்டர் சொல்லிப்போட்டுதுங்கறான். அவனுக்கு மாடும் தெரியாது, காடும் தெரியாது, விட்டுத்தள்ளு. நீ ஆடு மேய்ச்ச புள்ள. உன்ற கண்ணுல மட்டும் அந்தப் படம் பட்டிருந்தா, இது கொறங்காடுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பே.”

பின்னால் நின்ற பசு அவர் முதுகில் முட்டி, உள்ளே போகலாம் என்றது. மழை பெய்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, புல் கணுக்கால் வரைக்கும் வந்திருந்தது. அவர் மகன் மேல் எனக்கு இருக்கும் கோபம் இன்றைக்கும் ஒரு குண்டுமணி அளவுகூடக் குறையவில்லை. அவன் திரும்ப வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அவனை நான் திரும்பவும் சும்மா விடமாட்டேன்.

பெரியவர் என் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

“சொல்லியிருப்பேனுங்க” என்று சொல்லி, படலைத் திறந்துவிட்டேன்.