சுவரைத் தின்ற மருமகள்

எங்கள் வீட்டில் எலிக்கு வைத்த பொறியில் நான் மாட்டிக்கொண்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எனக்கு இருபது வயது இருக்கும்போது நடந்தது. காரமடைக்குப் பக்கத்தில் தோட்டத்து வீடு. நான் மூன்றாவது முறையாக முழுகாமல் இருந்தேன்.

முதல் இரண்டும் நான்காம் மாதம்கூடத் தாண்டவில்லை. இதுவாவது தங்க வேண்டுமே என்று எனக்கு ஒரே பயம். படி இறங்கினால்கூட வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் இறங்குவேன். பயம் ஒரு பக்கம் இருக்க, வாய் சும்மா இருக்கவில்லை. கம்பு மூட்டை அடுக்கிய அறையில் செம்மண் சுவர். வாசல் தெளித்த ஈரம் பட்டால் ஒரு வாசனை வரும் பாருங்கள், மைசூர்பாகெல்லாம் தோற்றுப்போகும். ஒரு நாள் சுரண்டி ஒரு கிள்ளு வாயில் போட்டேன். அப்புறம் தினமும் ஒரு கிள்ளு. மூன்றாம் மாதத்தில் தேங்காய் மூடி ஒன்றை உள்ளே வைக்கலாம், அந்த அளவுக்குப் பொந்து.

மாமியார் அதைப் பார்த்துவிட்டுப் பெருச்சாளி என்று முடிவு கட்டிவிட்டார். அதிகம் பேச மாட்டார், செய்வார். என்னிடம்கூடச் சொல்லாமல் பொந்துக்குள் ஒரு பொறியை வைத்துவிட்டார். மத்தியானம் ஆண்கள் உண்டு முடித்துத் தோட்டத்துக்குப் போன பிறகு, இருட்டறையில் நான் வழக்கம்போல் கையை விட்டேன்.

நான் போட்ட சத்தத்தில் கோழிகள் மிரண்டு பறந்தன. மாமியார் விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு வந்தார். என் விரலையும், உதட்டோரத்துச் செம்மண்ணையும் பார்த்தார். விளக்குமாற்றைக் கீழே போட்டார்.

"ஏனம்மணி, நீதானா அந்தப் பெருச்சாளி?"

திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ பொறியைப் பிரித்து, விரலில் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, என் உதட்டு மண்ணை முந்தானையால் துடைத்தார். மறுநாள் காலையில் வண்டி பூட்டச் சொல்லி, ரயிலேற்றி, கோயமுத்தூரில் ஒரு லேடி டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனார்.

டாக்டரம்மா என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். ரத்தமே இல்லை, மண் மேல் ஆசை வருவதும் பல பேருக்கு அதனால்தான் என்றார். மண்ணை விட்டுவிட வேண்டும், வயிற்றில் பூச்சி சேரும் என்று மிரட்டினார். பிறகு, தினமும் என்ன சாப்பிடுகிறாய், எப்போது சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

உள்ளதைச் சொன்னேன். முதலில் மாமனாரும் வீட்டுக்காரரும், அப்புறம் பண்ணையாட்கள், அதற்கப்புறம் அத்தை, கடைசியில் நான். என் முறை வரும்போது அடிச்சட்டிக் களியும் மோரும் இருக்கும். குழம்பில் முருங்கைக்காய் போட்டிருந்தார்கள் என்பதை வாசலில் கிடக்கும் சக்கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். எங்கள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லா வீட்டிலும் அப்படித்தான், எனக்கும் அது தப்பாகத் தோன்றியதில்லை. டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு மாமியாரைப் பார்த்தார். முருங்கைக்கீரை, ராகி, பச்சைப்பயறு, எள்ளு, வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரல் என்று சொல்லிக்கொண்டே போய், எல்லாம் சட்டியில் இருக்கும்போதே இந்தப் பெண் சாப்பிட வேண்டும் என்று முடித்தார். ரயிலேறுமுன் மாமியார் கடையில் பச்சைப்பயறும் எள்ளும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அடுத்த நாள் மத்தியானம் மாமனார் கை கழுவிவிட்டு வந்தார். அவர் உட்காரும் இடத்தில் என் தட்டு இருந்தது. களியும், ஆவி பறக்கும் கீரைக் கடைசலும், ஒரு கரண்டி ஈரலும். நான் வெட்கத்தில் எழுந்திருக்கப் பார்த்தேன். மாமியார் என் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"ஏனுங்க, செத்த இருங்க. அம்மணி மொதல்ல உண்ணட்டும்."

மாமனார் வெளியே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். வானம் இடிந்து விழவில்லை. நான் முதல் உருண்டையைக் கீரையில் தோய்த்தேன். மாமியார் இன்னொரு கரண்டி கீரையை வைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தச் செவுத்த நானுந் தின்னிருக்கறங் கண்ணு. உம்பட ஊட்டுக்காரனுக்கு மின்னால எனக்கு மூணு போச்சு. என்ன திங்கறீன்னு என்னைய ஆரும் கேக்கல."

நான் சாப்பிட்டேன். தட்டை வழித்துச் சாப்பிட்டேன். பொந்தை அவரே மண் குழைத்து அடைத்தார். நான்காம் மாதம் தாண்டியது, ஐந்து தாண்டியது. பத்தாம் மாதத்தில் மகள் பிறந்தாள், அழுகைச் சத்தம் எட்டு ஊருக்குக் கேட்டது.

தீட்டுக் கழிந்து அடுப்படிக்கு வந்த முதல் நாள், நான் இரண்டு தட்டு வைத்தேன். இது யாருக்கு என்று மாமியார் கேட்டார். உங்களுக்குத்தான் அத்தை, உட்காருங்கள் என்றேன். வாசலில் மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டது. மாமியார் வாசலைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், சேலையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.