ஒரு பட்டன் விடாமல் சந்தனம்

திருவொற்றியூரில் கடலைப் பார்த்தபடி நிற்கும் அந்த உயர்நிலைப் பள்ளியில், மாடியில் ஓர் அறைக்கு மட்டும் இரண்டு பூட்டு. உள்ளே கணினிகள். எல்லாம் புதுசு. வந்து இறங்கிய அன்றே தலைமை ஆசிரியர் பொன்ராஜ் ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை மாட்டினார். அதோடு சரி. மேலதிகாரி யாராவது வந்தால் கதவு திறக்கும், உறை கழலும். படிய வாரிய தலையாகப் பார்த்து நாலு பிள்ளைகளை உட்கார வைத்துப் படம் எடுப்பார்கள். அதிகாரி ஜீப்பில் ஏறியதும் பிள்ளைகள் எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். பொன்ராஜைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஒன்று உடைந்தாலும் ஓய்வுபெறும் நேரத்தில் தன் தலையில் விடியும் என்ற பயம். பயத்தில் செய்தால் மட்டும் அநியாயம் நியாயமாகிவிடுமா, என்ன?

இந்தப் பள்ளிக்குத்தான் ரமாபாய் கணினி ஆசிரியையாக வந்து சேர்ந்தாள். பெயர்தான் கணினி ஆசிரியை. காலையில் வந்ததும் தலைமை ஆசிரியர் அறையில் இருக்கும் அலுவலகக் கணினி முன்னால் உட்கார வேண்டியது, பிள்ளைகளின் செருப்பு அளவு முதல் ஆதார் எண் வரை ஏற்ற வேண்டியது, பொன்ராஜ் சொல்லச் சொல்லக் கடிதம் அடிக்க வேண்டியது. வகுப்பா? நேரம் கிடைத்தால் கரும்பலகையில் கணினி படம் வரைந்து பாகம் குறிக்கலாம்.

அந்தப் படத்தைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ரமாபாய் வியாசர்பாடிக்காரி. ஹவுசிங் போர்டு குடியிருப்பு; கதவைத் திறந்தால் எதிரே புத்தர் படம், பக்கத்தில் அம்பேத்கர் படம். அப்பா ரயில்வேயில் கலாசி, பளு தூக்கும் வேலை. அவளும் கரும்பலகைப் படத்தைப் பார்த்துத்தான் கணினி படித்தாள், வகுப்பிலேயே முதல் மதிப்பெண்ணும் வாங்கினாள். கல்லூரியில் முதல் நாள் லேபில் "ஆன் பண்ணும்மா" என்றார்கள். அவள் திரையில் இருந்த பொத்தானை அமுக்கிவிட்டு நின்றாள். கீழே இருந்த பெட்டியைத்தான் முதலில் முடுக்க வேண்டும் என்று எந்தப் படமும் அவளுக்குச் சொல்லவில்லை. லேபே சிரித்தது. அந்தச் சிரிப்பை அவள் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

அதனால் அவள் கரும்பலகை பக்கமே போகவில்லை. காசிமேட்டில் மீன் அடைத்து அனுப்புகிற தெர்மாகோல் பெட்டிகளின் உடைந்த மூடிகளைப் பிள்ளைகளைக் கொண்டுவரச் சொன்னாள். ஸ்கெட்ச் பேனாவால் ஆளுக்கொரு விசைப்பலகை வரையச் செய்தாள், தமிழ் எழுத்துகளோடு. எந்த விரலுக்கு எந்தப் பட்டன் என்று பாட்டு மாதிரி சொல்லிக்கொண்டு ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு மொத்தமும் வராண்டாவில் உட்கார்ந்து தெர்மாகோலில் தட்டும். சாயங்காலம் தன் பழைய லேப்டாப்பைத் திறந்து வைப்பாள், முறை வைத்து நிஜமாக அடிப்பார்கள். மீன்பிடிக் குப்பத்திலிருந்து வரும் ஜெயஸ்ரீ தன் முறை முடிந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். அடுத்தவள் வந்து பின்னலைப் பிடித்து இழுக்க வேண்டும்.

"இது பள்ளிக்கூடமா, மீன் மார்க்கெட்டா? கவிச்சி தாங்கல," என்று ஒருநாள் பொன்ராஜ் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

"லேப்பத் தொறந்து வுடுங்க சார், கவிச்சி தன்னால பூடும்," என்றாள் ரமாபாய்.

அவர் திறக்கவில்லை. ஆயுத பூஜைக்குத்தான் திறந்தார். பூஜை போடாமல் விட்டால் தெய்வக் குற்றமாகிவிடும் என்ற இன்னொரு பயம். ரமாபாய்க்குப் பூஜை வழக்கம் கிடையாது. அன்று அவள் லீவில் இருந்தாள். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் பிள்ளைகள் கையில் கொடுத்து, "எல்லாத்துக்கும் பொட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுப் பொன்ராஜ் பொரி பங்கு போடப் போய்விட்டார். எத்தனை மாத ஏக்கம்! அன்றைக்குத்தான் தொடலாம் என்று உத்தரவு கிடைத்திருக்கிறது. பிள்ளைகள் தொட்டார்கள், ஆசை தீரத் தொட்டார்கள்.

விடுமுறை முடிந்து கதவைத் திறந்தால் விசைப்பலகையெல்லாம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. ஒவ்வொரு பட்டனிலும் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். வழிந்து இடுக்கில் இறங்கிச் சிமெண்ட் மாதிரி காய்ந்திருந்தது. அமுக்கினால் அமுங்கவில்லை.

"ஏண்டி, பெட்டிக்கு ஒரு பொட்டு வெச்சா போதாதா?" ரமாபாய்க்கே கோபம் வந்துவிட்டது.

"கடல்ல எறக்குற புது போட்டுக்கு ஒரு எடம் வுடாம பொட்டு வெப்போம் மிஸ். வுட்டா கோச்சிக்கும்," என்றாள் ஜெயஸ்ரீ. "அதான் ஒரு பட்டன் வுடாம வெச்சோம். தப்பா மிஸ்?"

ரமாபாயின் கோபம் போன இடம் தெரியவில்லை. அவளுக்கு அழுகைதான் வந்தது.

பொன்ராஜுக்கு இது போதாதா? பயன்படாமல் கிடக்கும் கணினிகள் இருந்தால் எழுதுங்கள், வேறு பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று மேலிடத்திலிருந்து ஏற்கனவே சுற்றறிக்கை வந்திருந்தது. மதியமே ரமாபாயைக் கூப்பிட்டார். வராண்டாவில் பி பிரிவு முழுவதும் முட்டிபோட்டிருந்தது. அவர் தண்டனைதான்.

"ஒரு கடிதம் அடிங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போகட்டும். சாயங்காலத்துக்குள்ள மெயில் போகணும்."

கடிதம் போனால் வேன் வந்துவிடும். வந்தால் இந்தப் பள்ளிக்கு இனி எந்தக் காலத்திலும் கணினி கிடையாது. ரமாபாய்க்கு அது நன்றாகத் தெரியும்.

"பட்டனக் கழட்டித் தொடச்சா சரியாப் பூடும் சார். நானே தொடைக்கிறேன்."

"இன்னைக்குத் தொடைப்பீங்க. நாளைக்கு? ஒழுங்கா பேசவே வராத பிள்ளைங்க, அதுங்களுக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா?"

அங்கேதான் அவளுக்கு வெடித்தது. ஆனால் குரல் உயரவில்லை. "நாங்க பேசுறதும் தமிழ்தான் சார். இந்தக் கடுதாசிய நான் அடிக்க மாட்டேன்."

"அடிக்க மாட்டீங்களா? அப்ப யாரு அடிப்பா?"

"கம்ப்யூட்டரு வேணாம் இதுங்களுக்குன்னு எழுதப் போறீங்க. அதுங்களே அடிக்கட்டும். ஜெயஸ்ரீயக் கூப்புடவா?"

பொன்ராஜ் சிரித்தேவிட்டார். "கூப்பிடுங்க. அதையும்தான் பார்க்கிறேன்."

முட்டியில் மண்ணோடு ஜெயஸ்ரீ வந்தாள். தலைமை ஆசிரியரின் நாற்காலியில் உட்காரச் சொன்னதும் நுனியில் உட்கார்ந்தாள். ரமாபாய்க்குக் கல்லூரி லேபில் தான் நின்ற நிற்பு கண்ணில் வந்தது. வீம்புக்கு ஒரு குழந்தையைப் பலி கொடுக்கிறோமோ?

"சார் சொல்றத அப்டியே அடி," என்றாள் மெதுவாக. "பயப்படாத."

பொன்ராஜ் வேண்டுமென்றே வேகமாகச் சொன்னார். "பொருள். பயன்பாடற்ற கணினிகளைத் திரும்பப் பெறக் கோருதல் தொடர்பாக."

பட்டன்கள் சடசடவென்று இறங்கின. ஜெயஸ்ரீ விரல்களைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பொன்ராஜ் தொண்டையைக் கனைத்தார். "இப்பள்ளியில் பயில்வோர் மீனவர் மற்றும் தினக்கூலிக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்குக் கணினியைக் கையாளத் தெரியாது."

அந்த வரியில் ஜெயஸ்ரீ ஒரு நொடி நின்றாள். முகம் சிவந்து போயிற்று. பிறகு அதையும் அடித்தாள், ஒரு புள்ளி குறையாமல்.

"கற்றுக்கொடுத்தாலும்..." என்று தொடங்கிய பொன்ராஜ் நிறுத்திவிட்டார்.

ஜெயஸ்ரீயின் விரல்கள் அவரை எட்டிப் பிடித்துவிட்டுக் காத்திருந்தன. "'கற்றுக்கொடுத்தாலும்' போட்டுட்டேன். அப்பால இன்னா சார்?"

பொன்ராஜ் திரையை எட்டிப் பார்த்தார். சொன்னது அத்தனையும் அதில் இருந்தது. "போதும், அழிச்சிடு," என்றார்.

"அழிக்காத. பிரிண்ட் எடு," என்றாள் ரமாபாய்.

தாள் சூடாக வெளியே வந்தது. ரமாபாய் அதை மேசையில் அவர் முன்னால் வைத்தாள், பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். "பாப்பா அடிச்சதுல ஒரு தப்பு கீதான்னு பாருங்க சார். இல்லன்னா கையெழுத்துப் போடுங்க."

பொன்ராஜ் படித்தார். மறுபடி படித்தார். பேனாவை வாங்கவில்லை. நாற்காலி நுனியில் இருந்த பெண்ணை ஏறிட்டுப் பார்க்கவும் அவரால் முடியவில்லை. கணினிகளுக்குச் சொந்தக்காரர் மாதிரி இத்தனை நாள் இருந்த மனிதர், தன் சொந்த அறையிலேயே எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றார்.

"சரி, லேபைத் திறந்துடலாம். நாளைக்கு எந்த வகுப்பு முதல்ல?" என்று கேட்டார்.

"நாளைக்கு இல்ல சார், இப்பவே," என்றாள் ரமாபாய். "ஒம்பது பி வராண்டாவுல முட்டி போட்டுகினு கீது. நீங்களே போயி எழுந்திருக்கச் சொல்லுங்க."