சங்கரன்கோவிலுக்கு நாலாவது பாட்டைத் தேடிப் போன கதை

போன வைகாசியில் சங்கரன்கோவிலுக்குப் போனேன். கோமதி அம்மனுக்காக இல்லை (பார்த்தேன், அது வேறு). பிரியாணிக்கும் இல்லை (சாப்பிட்டேன், அதுவும் வேறு). ஒரு சண்டையில் ஜெயிக்கப் போனேன்.

எண்பதுகளின் ஆல்டர்நேட்டிவ் ராக் பாட்டுகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். எனக்குப் பிடித்ததெல்லாம் பி-சைடு பாட்டுகள். அந்தக் காலத்து இசைத்தட்டில் ஒரு பக்கம் விற்கிற பாட்டு இருக்கும். திருப்பிப் போட்டால் ஒப்புக்குச் சப்பாணியாக இன்னொன்று இருக்கும். ஈ.பி. என்று மூன்று நான்கு பாட்டுகளோடு சின்ன வெளியீடுகளும் வரும். யாரும் மதிக்காத அந்தப் பாட்டுகளில்தான் அவர்கள் இஷ்டத்துக்கு வாசித்திருப்பார்கள். கிடார்க்காரர் தப்பாக ஆரம்பித்துச் சிரிப்பார், பாடகர் நடுவில் இருமுவார், அதையும் அப்படியே விட்டிருப்பார்கள். அந்த அலட்சியத்துக்கு நான் அடிமை.

ஒரு நாள் அப்படி ஒரு ஈ.பி.யைப் பற்றிப் பேச்சு வந்தது. (இசைக்குழுவின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால் பின்னூட்டத்தில் அடிதடி ஆகிவிடும்.) அதில் நாலாவது பாட்டுதான் உசத்தி என்றேன். குழுவை நடத்தும் பெங்களூர் ராகவன், வீடு முழுக்க இசைத்தட்டு வைத்திருப்பவர், "அதில் மூன்று பாட்டுதான் மேடம். நாலாவது உங்கள் கற்பனை" என்று போட்டார். கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். எனக்கு வந்ததே கோபம்! "எங்கள் ஊரில் அந்தப் பாட்டு இருக்கிறது. ஒரு மாதத்தில் கொண்டுவருகிறேன், இல்லாவிட்டால் குழுவை விட்டே போகிறேன்" என்று எழுதிவிட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன. அந்தக் குழுவை விட்டால் இந்தப் பாட்டுகளைப் பற்றிப் பேச எனக்கு நாதி கிடையாது. என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தகர டப்பாவைத் தட்டுகிற சத்தம்.

இணையத்தில் தேடியாயிற்று, இல்லை. நான் அந்தப் பாட்டைக் கேட்டது பள்ளிக்கூட நாட்களில், அப்பாவின் பக்திப்பாடல் கேசட்டின் கடைசியில், அந்த ஈ.பி.யின் மூன்று பாட்டுகளுக்கு அடுத்து நாலாவதாக. அந்தக் கேசட் பூஞ்சை பிடித்து எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது. ஆனால் அதைப் பதிந்துகொடுத்த ரெக்கார்டிங் சென்டர் சங்கரன்கோவிலில்தான் இருந்தது.

எழும்பூரிலிருந்து செங்கோட்டை போகும் இரவு ரயில் வசதி. ஸ்லீப்பர் நானூறு ரூபாய்க்குள் முடியும், காலை ஏழு மணி வாக்கில் இறங்கிவிடலாம். ஸ்டேஷனுக்கு என் பள்ளித்தோழி ஜெயந்தி ஸ்கூட்டரில் வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் வண்டியை ஓரங்கட்டிவிட்டாள். "ஏட்டி, என் மக கல்யாணத்துக்குக் கூப்பிட்டப்ப லீவு இல்லன்னே. இப்ப ஒரு பாட்டுக்கு வந்து நிக்கே! ஒனக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு." திட்டிக்கொண்டே சென்டர் இருந்த தெருவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே இப்போது செல்போன் கடை. சென்டர் வைத்திருந்த மைதீன் அண்ணன் புளியங்குடியில் மகனுடைய எலுமிச்சை மண்டியில் இருப்பதாகச் சொன்னார்கள்.

புளியங்குடி பதினேழு கிலோமீட்டர் இருக்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், ஆண்கள் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். மண்டிக்குள் நுழைந்தால் துணியிலெல்லாம் எலுமிச்சை வாசம் ஏறிவிடுகிறது. மைதீன் அண்ணன் என்னைக் கண்டுகொண்டார்.

"டைப்பிஸ்ட் சார் மகள்லா நீ? வாம்மா, இங்கன இரி."

பாட்டைப் பற்றிக் கேட்டேன். சிரித்துவிட்டார். "துபாய்ல எங்க மச்சான் இருந்தாரு. பெரிய கேசட்டு வெல கூடன்னு சின்னதாத்தான் வாங்கி அனுப்புவாரு. மூணு நாலு பாட்டு கெடக்கும், அத வச்சு என்ன செய்ய? ஒங்க அப்பா பக்திப் பாட்டு பதியச் சொல்லுவாவ, கடைசில கொஞ்சம் டேப்பு மிஞ்சும். சும்மா விட்டா, டேப்ப முழுங்கிட்டான்னு சனம் சண்டைக்கு வரும். அதான் இதப் போட்டு நெரப்பினேன்."

"நாலாவது பாட்டு, அண்ணே..."

"எது நாலாவதுன்னு எனக்கு என்னம்மா தெரியும்? கிடார் டொண்டொண்டொண்ணு வருமே, அதான? எனக்கு அதுதான் பிடிக்கும். எல்லா டேப்புக்கும் அதான் வாலு."

கேசட் இருக்கிறதா என்று கேட்டால் கையை விரித்தார், வீட்டுக்குள் மழைத்தண்ணீர் வந்ததில் எல்லாம் போய்விட்டதாம். என் முகம் போன போக்கைப் பார்த்து அவரே சொன்னார். "மைக் செட்டு முருகையாட்ட கேட்டுப் பாரு. அவனுக்குக் கல்யாண டேப்பு ஒண்ணு போட்டுக் குடுத்தேன்." கிளம்பும்போது ஒரு பை எலுமிச்சம்பழம் தந்தார். வேண்டாமென்றால் விடவில்லை.

சாயங்காலம் சங்கரன்கோவில் திரும்பி முருகையாவைப் பிடித்தோம். கிடார் வருகிற இடத்தை நான் வாயாலேயே வாசித்துக் காட்டினேன், வெட்கத்தை விட்டு.

"அட, அது பந்திப் பாட்டுல்லா!" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஜெயந்தி என்னை முறைத்தாள். "இதையாட்டி தேடுதே? இதுன்னு சொல்லியிருந்தா ஸ்டேஷன்லயே சொல்லியிருப்பேனே!"

நான் படிக்க வெளியூர் போன பிறகு நடந்த கதை அது. முருகையாவின் நாதஸ்வர டேப் முடிகிற நேரமும் தாலி கட்டி முடிகிற நேரமும் ஒத்துவரும். உடனே வாலில் இருந்த இந்தப் பாட்டு வரும். சனம் எழுந்து சாப்பிடப் போகும். அப்படியே பழகிவிட்டது. "ஒருதரம் மாத்தி சினிமாப் பாட்டப் போட்டேன். ஒருத்தரும் எந்திரிக்கல. சோறு ஆறிட்டுன்னு சமையக்காரர் என்னைய அடிக்க வந்துட்டாரு" என்றார் முருகையா. டேப் தேய்ந்ததும் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டாராம். அது மண்டபத்தில் ஸ்பீக்கர் பாக்ஸ்களோடு இருந்தது. "காலைல முகூர்த்தம். வாங்க, கேக்கலாம்."

ஜெயந்தியிடம் அந்தக் கல்யாணத்துக்குப் பத்திரிகையே இருந்தது. அழைப்பில்லாமல் போகிறோமே என்ற கூச்சம் எனக்கு இல்லாமல் போனது.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருப்பார்கள். மூன்றாவது வரிசையில் வீடியோ எடுக்கச் செல்போனைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். கெட்டிமேளம், தாலி, அட்சதை, எல்லாம் ஆயிற்று. நாதஸ்வரம் நின்றது. வந்தது பாருங்கள் அந்தக் கிடார்! தாமதமாகச் சேர்ந்துகொள்ளும் டிரம், தூக்கத்தில் பேசுகிற மாதிரி அந்தக் குரல். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, ஒரு சுரம்கூட எனக்கு மறக்கவில்லை. நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. வேட்டியும் பட்டுப்புடவையுமாக மொத்த மண்டபமும் எழுந்தது. நான் மட்டும் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா என் தோளைத் தட்டி, "எந்திரிங்க, பந்திப் பாட்டு போட்டாச்சுல்லா, எடம் கெடைக்காது" என்றார்.

இரண்டு நிமிடம் போல ஓடிய பாட்டு ஒரு வார்த்தையின் பாதியில் பட்டென்று நின்றது. அதுதான் பாட்டின் முடிவு என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். முருகையாதான் சொன்னார், மைதீன் அண்ணன் எல்லோருக்கும் பிரதி எடுத்த மூல டேப்பே அந்த இடத்தில் தீர்ந்துவிட்டதாம்.

நீங்களும் போவதென்றால் சில குறிப்புகள். முகூர்த்தம் உள்ள மாதமாகப் பாருங்கள். ஆடியில் கோமதி அம்மனின் தபசுத் திருவிழாக் கூட்டத்தைப் பார்க்கலாம், கல்யாணம் இருக்காது. மார்கழியும் அப்படியே. கோவில் பக்கத்து லாட்ஜ்களில் எண்ணூறு ரூபாயிலிருந்து அறை கிடைக்கிறது. யாராவது உள்ளூர்க்காரரோடு போங்கள், மொய் எழுதுங்கள், சும்மா சாப்பிட்டுவிட்டு வராதீர்கள்.

மண்டபத்து வாசலிலிருந்தே வீடியோவைக் குழுவில் போட்டேன். பிறகு ராகவன் எழுதினார். "மன்னிக்க வேண்டும் மேடம். குரல் அந்தப் பாடகருடையதேதான். இந்தப் பாட்டு என்னிடம் இல்லை, நான் கேட்டதே இல்லை." கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று வந்தது. "ஏன் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள்?"

பந்திக் கதையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எங்கள் ஊரில் இந்தப் பாட்டுக்கு எல்லோரும் எழுந்திருப்போம்" என்று மட்டும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனேன்.