சீமாட்டியைக் கொன்றது யார்? செல்லத்துரையைக் கேட்டது யார்?

துபாய் அல் கூஸ் லேபர் கேம்பில் வெள்ளிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், கைலி கட்டிய எட்டுப் பேர் இரண்டடுக்குக் கட்டில்களில் சாய்ந்துகொண்டு, இங்கிலாந்துச் சீமாட்டியைக் கொன்றது யார் என்று கவலைப்படுவோம். டி.வி.யில் ஓடும் பிரிட்டிஷ் துப்பறியும் தொடர். பேச்சு ஆங்கிலம், கீழே ஓடும் எழுத்து அரபி. இரண்டும் தெரியாத ஏழு பேருக்கு, ஒன்றை அரைகுறையாகத் தெரிந்த நான் மொழிபெயர்ப்பாளன். புரியாத இடங்களில் நானே வசனம் எழுதிவிடுவேன். சில வாரம் என் கதையே மேலாக இருந்தது.

அந்த வாரக் கதை, பள்ளி நாளில் சிவகங்கை வாடகை நூலகத்தில் எடுத்து, தமிழில் நான் படித்திருந்த பழைய மர்ம நாவல். "டாக்டர்தான் கொலைகாரன், எழுதி வச்சுக்கங்க" என்று முதல் காட்சியிலேயே அறிவித்தேன். "இல்லேன்னா ஒரு வாரம் நீங்கதான் கக்கூஸ் கழுவணும்ணே" என்றான் ராமநாதபுரத்து எலக்ட்ரீஷியன் செல்லத்துரை. படமெடுத்தவர்கள் முடிவை மாற்றியிருந்தார்கள். கொன்றது தங்கச்சிக்காரி. நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை ஒருவனும் அசையவில்லை. நான் அவமானப்படுவதைப் பார்க்க அவ்வளவு ஆசை.

சனிக்கிழமை காலை, சைட்டில் ஒரு சுருள் செப்புக் கேபிளைக் காணோம். முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு உயரமான இந்தியன் ஒருவன் தூக்கிப்போனதாக வாட்ச்மேன் சொன்னான். கேம்பிலேயே உயரமானவன் செல்லத்துரை. விசாரணை அவ்வளவுதான். "விசா கேன்சல். கலாஸ்" என்றார் கேம்ப் பாஸ். அரபியில், முடிந்தது என்று அர்த்தம்.

தொடரில் செத்த சீமாட்டிக்காகத் தோட்டக்காரனைக்கூட நாற்காலி போட்டு உட்காரவைத்து, நாலு மணிக்கு எங்கே இருந்தாய் என்று கேட்கிறார்கள். உயிரோடு நிற்கும் செல்லத்துரையை ஒருவரும் கேட்கவில்லை. நாங்கள் ஏழு பேர் சாட்சி இருந்தும் எங்களையும் கேட்கவில்லை.

இங்கிலாந்துக்கார சைட் எஞ்சினியரிடம் ஓடினேன். துப்பறியும் நாட்டுக்காரர், ஆதாரத்தின் அருமை தெரிந்தவர் என்று நம்பினேன். என் புத்தியைப் பாருங்கள். "செல்லத்துரை நாலிலிருந்து ஆறு வரை எங்கள் ரூமில் அந்தத் தொடர் பார்த்தான், சார்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. "நீங்களும் அதைப் பார்க்கிறீர்களா? கொலைகாரனையே மாற்றிவிட்டார்களே, அநியாயம்!" பத்து நிமிடம் அந்த நாவலுக்காகக் கொதித்தார். கேபிள் பேச்சை எடுத்ததும், அது கேம்ப் பாஸ் விஷயம் என்று கடிகாரத்தைப் பார்த்தார். இருந்த கோபத்தையெல்லாம் அந்த டாக்டருக்காகவே செலவழித்துவிட்டார் மனிதர். அதைவிடக் கேவலம், நடுவில் அவர் அடித்த ஜோக்குக்கு நான் சிரித்தது.

ஏர்போர்ட் வேனில் ஏறும்போது செல்லத்துரை ஒன்றுதான் கேட்டான். "ஊர்ல திருட்டுப்பய பேரு வராமப் பாத்துக்கங்கண்ணே."

அடுத்த லீவில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் வேலை தேடி வெளியே போயிருந்தான். தண்ணீர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டு அவன் மனைவி ஆரம்பித்தார்.

"அஞ்சு மணிக்கு இவுக எங்க இருந்தாக?"

"என் பக்கத்துக் கட்டில்ல."

"பாத்தவுக எத்தன பேரு?"

"என்னோட ஏழு."

"யாருட்டச் சொன்னீக? அவுக என்ன சொன்னாக?"

துபாயில் ஒருத்தர் வாயிலிருந்தும் வராத கேள்விகள், வரிசையாக. எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னேன், சிரித்ததைத் தவிர.

கடைசியாகக் கேட்டார்: "அப்படிப்பட்டவுககிட்டயா திரும்பப் போறீக?"

சொம்பு கையில், டிக்கெட் சட்டைப்பையில்.

"வெள்ளிக்கிழமை ஃப்ளைட்டு" என்றேன்.