ஆளில்லாத வீட்டில் போனை எடுத்தது யார்?

போன வாரம் என் வீட்டுக்கே போன் செய்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை என்று தெரிந்துதான். ஆனால், யாரோ எடுத்தார்கள்!

கொஞ்சம் முன்கதை சொல்லிவிடுகிறேன்.

ஃபிஜித் தலைநகர் சுவாவில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு பார்க்கிறேன். வீடு பக்கத்து ஊர் லாமியில். கடையில் பில் போட்டு ஓய்ந்துபோன கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட இருந்தார்கள். நான் வாங்கி வந்துவிட்டேன். பிரிண்டரைச் செருகும் இடத்தில் வயர் பிடித்து, ரிலே என்கிற தானியங்கி சுவிட்சு வைத்து, வீட்டு விளக்கு, ரேடியோ, ஃபேன் எல்லாவற்றையும் அதன் சொல்பேச்சு கேட்க வைத்தேன். பொழுதுபோக்குதான். மனைவி சரோஜாவுக்கு இதில் துளியும் மரியாதை இல்லை. "சுவிட்சு போட கை இல்லியா ஒங்களுக்கு?" என்பாள்.

இந்திய வம்சாவளிப் பிரதமரைப் பிடிக்காமல் பார்லிமென்டுக்குள் துப்பாக்கியோடு ஆட்கள் நுழைந்தார்களே... அன்றோடு அவள் கேலியும் நின்றது. சுவாவில் இந்தியர் கடைகள் எரிந்தன. ஊரடங்கு. ஆள் இல்லாத வீடாகப் பார்த்து உடைக்கிறார்கள் என்று பேச்சு. மேற்கே பா என்கிற ஊரில் இருக்கும் மைத்துனர் போனில் கத்தினார்: "மச்சான், ஒடனே பொறப்பட்டு வாங்க. யாருகிட்டயும் மூச்சு வுடாதீங்க!"

கிளம்புமுன் கம்ப்யூட்டரிடம் வேலையை ஒப்படைத்தேன். பொழுது சாய்ந்தால் ஹாலில் விளக்கு, பிறகு சமையலறையில். பகலில் ரேடியோ. வெளியே நின்று பார்ப்பவனுக்கு வீட்டில் ஆள் இருக்கிறது!

பாவுக்கு வந்தும் மனசு அடங்கவில்லை. லாமிப் பக்கம் கலவரம் என்று யாரோ சொன்னார்கள். உண்மையா, வதந்தியா? வீடு இருக்கிறதா? மணி அடித்தால் வீடு நிற்கிறது என்று அர்த்தம் — அந்த ஆறுதலுக்காகத்தான் போன் செய்தேன்.

எடுத்தவர் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் என் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

"யாரு?" என்றேன், இங்கே எல்லோருக்கும் புரிகிற இந்தியில்.

"நீ யாரு?" என்றது ஒரு கனத்த குரல். உடனே, "தேவா? உயிரோடதான் இருக்கியா?"

சேரு! பக்கத்து வீட்டுக்காரர், பூர்வகுடி ஃபிஜிக்காரர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர்.

விளக்கு எரிகிறது, ரேடியோ பாடுகிறது, கூப்பிட்டால் மட்டும் பதில் இல்லை. எங்களை யாரோ வெட்டிப் போட்டுவிட்டார்கள் என்றே நினைத்து, ஜன்னல் கண்ணாடியை உடைத்து உள்ளே குதித்திருக்கிறார். கையெல்லாம் ரத்தம். "ஒவ்வொரு ரூமா தேடினேன். பாத்ரூம் கதவை மட்டும் தொறக்க பயந்து நின்னுட்டு இருந்தேன். அப்பதான் போன் அடிச்சுது."

கம்ப்யூட்டர் சமாசாரத்தைச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மெஷினுக்குச் சொல்லிட்டுப் போயிருக்க. எனக்குச் சொல்லலியே, தேவா?"

பயம் வந்துவிட்டால், கதவைத் தட்டுகிறவர் யார் என்று பார்க்கிற பொறுமை நமக்குப் போய்விடுகிறது.

திரும்பி வந்துவிட்டோம். கட்டுப்போட்ட கையோடு சேருவே ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி பொருத்தினார். மைத்துனர் ஆக்லாந்து போக நியூசிலாந்து விசா கேட்டிருக்கிறார். "நாமளும் போயிடலாமா?" என்று சரோஜா தினமும் கேட்கிறாள். தெரியவில்லை. போவது என்று முடிவானால் இந்தத் தடவை சேருவிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.

கலவரத்தைவிட அதை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது!