ஹைகோர்ட்டுக்குப் போட்ட அரோகரா

ஒருநாள் சாயங்காலம் மெட்ராஸே என்னைப் பார்த்துச் சிரித்தது. மெட்ராஸே என்றால் ஒரு பஸ் நிறைய ஆட்கள், அவ்வளவுதான். ஆனால் அந்த வயதில் அந்த பஸ்தான் எனக்கு மெட்ராஸ்.

அறுபதுகளின் ஆரம்பம். எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிறந்தது கீழ்பென்னாத்தூரில், நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற குடும்பத்தில். வாழ்க்கைப்பட்டது திருவண்ணாமலை டவுனில், தேரடிப் பக்கம். ஆனால் தாலி கட்டினவர் இருந்தது மெட்ராஸில். ஒரு கம்பெனியில் குமாஸ்தா. திருவல்லிக்கேணியில் இன்னும் சில பேரோடு ஒரே அறையில் தங்கிக்கொண்டு, மாதம் ஒரு தடவை சட்டை மடிப்புக் கலையாமல் வந்து போவார். நான் மாமியாரோடு இருந்தேன்.

"புருஷன் ஒரு ஊரு, பொண்டாட்டி ஒரு ஊருன்னா இன்னாத்துக்குடா கல்யாணம்?" என்று மாமியார் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.

"மெட்ராஸ்ல குடித்தனம் பண்ண ஒரு பழக்கம் வேணும்மா. இவளுக்கு இன்னும் வரலை," என்பார் அவர். என்னை வைத்துக்கொண்டேதான் சொல்வார்.

அதில் பொய்யும் இல்லை. கழனியில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் குரல் கொடுத்துப் பழகினவள் நான். அடுப்பங்கரையில் மெதுவாகப் பேசுகிறேன் என்று நினைத்துப் பேசினால் தெருவில் போகிறவர் திரும்பிப் பார்ப்பார். கடைசியில் மாமியார் ஒரு வழி பண்ணினார். புரசைவாக்கத்தில் இருக்கும் அவருடைய தங்கை வீட்டில் என்னைப் பத்து நாள் விட்டுவைப்பதாக ஏற்பாடு. பஸ் ஏற்றும்போது காதோடு சொன்னார்:

"நல்லபடியா நடந்துக்கோ. சத்தம் மட்டும் கம்மி பண்ணிக்கோம்மா. அவனுக்கு மனசு வந்தா வூடு பாத்துருவான்."

ஆக நான் போனது ஊர் பார்க்க அல்ல, பரீட்சை எழுத. எனக்கு அது நன்றாகத் தெரிந்தே இருந்தது.

பரீட்சை ஒரு சனிக்கிழமை வந்தது. அவர் ஆபீஸ்காரர்கள் குடும்பத்தோடு மெட்ராஸைச் சுற்றிப் பார்க்க ஒரு பஸ் பேசியிருந்தார்கள். எல்லா இடமும் காட்டி விளக்கம் சொல்ல ஒரு கைடு, நடுவில் பெரிய ஹோட்டலில் டிபன், பிறகு கடற்கரை, இருட்டினதும் வீடு. மானேஜரும் அவர் சம்சாரமும்கூட வருகிறார்கள். அதனால் காலையிலிருந்தே இவர் எனக்குப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டார். 'இன்னா' என்று சொல்லக்கூடாது, 'என்ன' என்று சொல்ல வேண்டும். காபியை அண்ணாந்து ஊற்றிக்கொள்ளக்கூடாது. எதைப் பார்த்தாலும் "அடேயப்பா" என்று வாயைப் பிளக்கக்கூடாது.

நான் பிளக்கவில்லை. மியூசியத்துச் சிவப்புக் கட்டிடத்தைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. மயிலாப்பூர்க் குளத்தைப் பார்த்தேன். நம்ம ஊர்க் குளம் இதைவிட ஆழம் என்று நாக்கு நுனிவரை வந்தது, முழுங்கிவிட்டேன். கைடு ஒல்லியான மனுஷர். பேன்ட் போட்டுக்கொண்டு, கையில் வாய்வைத்துப் பேசுகிற தகரக் குழலை வைத்துக்கொண்டு, இடத்துக்கு ஒரு தமாஷ் தயாராக வைத்திருந்தார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகுதான் நான் சிரித்தேன், அதுவும் பல் தெரியாமல்.

ஹோட்டலில் மசால் தோசையோடு ஸ்பூனும் முள்கரண்டியும் வைத்தார்கள். தோசையைக் குத்திக் கொல்வதா என்று எனக்குப் பரிதாபமாக இருந்தாலும், அவரைப் பார்த்துப் பார்த்து அவர் செய்ததையே செய்தேன். கடைசியில் கண்ணாடிக் கிண்ணத்தில் ஐஸ்கிரீம் வந்தது. என் ஆயுசில் முதல் தடவை. பல்லில் பட்டதும் உச்சந்தலைவரை சுரீரென்று ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முகத்தை மட்டும் அசைக்கவில்லை. மானேஜர் வீட்டம்மா என்னைப் பார்த்து, "எவ்வளவு அடக்கமான பொண்ணு!" என்றார். இவர் முகம் பூரித்துப்போனது. மேஜைக்கடியில் என் காலை லேசாகத் தட்டினார். எனக்குக் கிடைத்த முதல் சபாஷ் அது. அங்கேயே மனசுக்குள் ஒரு சின்ன வீட்டைப் பிடித்து, வாசல் தெளித்து, கோலமும் போட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் கடற்கரை. சுண்டல் வாங்கி ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்கள். அப்படியே பஸ் ஏறித் துறைமுகப் பக்கம் போய், சாலை ஓரமாக எல்லாரையும் இறக்கி நிற்கவைத்தார் கைடு. கடல் முதுகுக்குப் பின்னால். எதிரே மேற்கில் ஹைகோர்ட் கட்டிடம், நடுவில் உயரமாக ஒரு கோபுரம். அந்தக் காலத்தில் கலங்கரை விளக்கு அந்தக் கோபுர உச்சியில்தான் இருந்தது.

"எல்லாரும் மேல பாருங்க. இப்போ ஏத்துவாங்க. கண்ணைக் கொட்டாம பாருங்க," என்றார் கைடு குழலில்.

இங்கே எங்கள் பக்கத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். டவுன் மலைக்குக் கிழக்கே இருக்கிறது, எங்கள் கீழ்பென்னாத்தூரும் அப்படித்தான். கார்த்திகை தீபத்தன்று பொழுது சாயும்போது எல்லாரும் மேற்கே முகம் வைத்து நிற்போம். மலைக்குப் பின்னால் வானம் சிவந்து கிடக்கும். வீட்டில் ஒரு விளக்கும் ஏற்றமாட்டார்கள். அகலில் எண்ணெயும் திரியும் தயாராக இருக்கும். காலையிலிருந்து பட்டினி. பேச்சு தானாக அடங்கிவிடும். உச்சியில் பொட்டாக வெளிச்சம் தெரிந்த அந்தக் கணத்தில் ஊரே இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி அரோகரா போடும். யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. இடுப்பில் இருக்கும் குழந்தையின் கைகூட தானாக மேலே போகும்.

அங்கேயும் அப்படியே இருந்தது. மேற்கே முகம், சிவந்த வானம், கூட்டம், எல்லார் கண்ணும் உச்சியில், பேச்சு அடங்கிவிட்டது. விளக்கு எரிந்தது.

"அண்ணாமலையானுக்கு அரோகரா!"

கத்தினது நான்தான். கழனிக் குரல். காலையிலிருந்து அடக்கிவைத்த சத்தம் அவ்வளவும் சேர்ந்து வெளியே வந்தது. கை இரண்டும் தலைக்குமேல். கையில் இருந்த சுண்டல் மானேஜர் வீட்டம்மாவின் கொண்டையிலும் தோளிலும் சிதறிக் கிடந்தது.

பிறகு கைடு தகரக் குழலை எடுத்தார். "அம்மா சரியாத்தான் சொல்றாங்க சார்! இந்தக் கட்டிடத்துக்குள்ள கேஸோட போனவன் சொத்தெல்லாம் அரோகராதான்!"

அப்போது கிளம்பியது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாலையில் போன ரிக்‌ஷாக்காரர் வண்டியை நிறுத்தி என்னவென்று கேட்டு, அவரும் சிரித்துவிட்டுப் போனார். தூக்கின கையை எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. பூமி பிளந்து முழுங்கக்கூடாதா என்று சொல்வார்களே, அதை அன்றைக்கு நிஜமாகவே வேண்டிக்கொண்டேன்.

கையை இறக்கும்போதுதான் பக்கத்தில் நின்ற அவரைப் பார்த்தேன். அவருடைய கைகள் இரண்டும் நெஞ்சுவரை வந்திருந்தன. உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொடப்போகும் இடைவெளி. வாய் பாதி திறந்திருந்தது. நான் பார்ப்பது தெரியாமல், அந்தக் கைகளை அப்படியே மேலே கொண்டுபோய்த் தலைமுடியைக் கோதிக்கொண்டார். பிறகு எல்லாரையும்விட உரக்கச் சிரித்தார்.

"பட்டிக்காடு சார். கீழ்பென்னாத்தூர்," என்றார் மானேஜரிடம்.

"உங்களுக்கும் அந்தப் பக்கம்தானே?"

"நான் டவுன் சார்."

மானேஜர் வீட்டம்மா மட்டும் சிரிக்கவில்லை. கொண்டையிலிருந்து சுண்டலைத் தட்டிவிட்டு, என் தோளைத் தொட்டு, "பரவாயில்லம்மா," என்றார். அந்தப் பரவாயில்லைதான் எல்லாவற்றையும்விட வலித்தது. இவர் சித்தி வீட்டு வாசலில் நின்று, "திங்கக்கிழமை ஊருக்கு அனுப்பிடறேன்," என்றார். பத்து நாளில் பாதிகூட ஆகியிருக்கவில்லை. என் மெட்ராஸ் குடித்தனமும் அரோகரா.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என் கைகள்மேல்தான் வந்தது. பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அவற்றை மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தேன். இவ்வளவு நேரம் ஸ்பூனைப் பிடித்த கைகளுக்கு, இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருக்கத் தெரியாதா?

அடுத்த தடவை வந்தபோது அவர் இந்தக் கதையை மாமியாரிடம் சொன்னார். அதற்கடுத்த தடவை பக்கத்து வீட்டில் சொன்னார். சொல்லச் சொல்ல கதை வளர்ந்தது. நான் தரையில் விழுந்து கும்பிட்டதாகவும், கற்பூரம் கேட்டதாகவும் சேர்ந்துகொண்டது. தெருவில் எனக்கு 'ஹைகோர்ட்டு' என்றே பெயர் வந்துவிட்டது. குழாயடியில், "இன்னா ஹைகோர்ட்டு, இன்னைக்குக் கேஸ் ஜாஸ்தியா?" என்பார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு வீட்டுக்குள் வந்து, அடுப்பை ஊதுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். அவருடைய கையும் எழுந்ததே என்று ஒரு தடவைகூட நான் சொல்லவில்லை. அந்த எரிச்சல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவரையும் அதில் கொண்டுவந்து நிறுத்த மனசு வரவில்லை.

அந்த வருஷம் கார்த்திகைக்கு மானேஜரும் அவர் சம்சாரமும் தீபம் பார்க்க எங்கள் வீட்டுக்கே வந்தார்கள். இப்போது இவர்தான் கைடு. மத்தியானம் கோயிலைச் சுற்றிக் காட்டினார். தேர் நிற்கும் இடத்தைக் காட்டினார். கடைத்தெருவில் பொரி உருண்டையும் கடலை மிட்டாயும் வாங்கிக் கொடுத்து, இடத்துக்கு ஒரு தமாஷும் சொன்னார். அந்த ஒல்லி மனுஷரிடம் கற்றுக்கொண்டதுதான். நான் பட்டினியோடு பின்னால் நடந்தேன்.

சாயங்காலம் எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். அக்கம்பக்கத்து மாடிகளிலும் தலைகள். மாமியார் அகல்களை வரிசையாக வைத்துவிட்டு, தீப்பெட்டியோடு நின்றார். மலைக்குப் பின்னால் வானம் சிவந்தது. பேச்சு அடங்கும் நேரத்தில் இவர் மானேஜரிடம் திரும்பி, "சார், இவளைக் கொஞ்சம் பாத்துக்கங்க. ஹைகோர்ட்டுக்கே அரோகரா போட்டவ!" என்றார். மாடியில் எல்லாரும் சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தார்.

தீபம் ஏறியது. ஊரே ஒரே குரலில் எழுந்தது. அந்தச் சத்தம் காலுக்கடியில் தளத்தில் அதிர்ந்தது.

என் கை எழவில்லை. வேண்டுமென்று நிறுத்திவைக்கவில்லை. பிறந்ததிலிருந்து தானாகப் போன கை, அன்றைக்குப் போகவில்லை. என் கண்ணும் மலைக்குப் போகாமல் அவர் முகத்துக்குப் போயிற்று, தூக்கலாமா என்று கேட்கிற மாதிரி.

அவர் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு கையும் தலைக்குமேல். கன்னத்தில் தண்ணீர் வழிய, எங்கள் கழனிக் குரலுக்குக் கொஞ்சமும் குறையாத குரலில் கத்திக்கொண்டிருந்தார். மானேஜர் இருக்கிறாரே என்ற நினைப்பே இல்லை. அவர் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை. அப்போது சட்டென்று என் பக்கம் திரும்பினார். என் கைகள் கீழேயே தொங்குவதைப் பார்த்தார். நான் அவர் கையைப் பார்ப்பதையும் பார்த்தார்.

அவர் கைகள் மெல்ல இறங்கின. நெஞ்சுவரை வந்து, ஒரு கணம் நின்று, தலைமுடியைக் கோதப் போயின. பாதியில் அவருக்கே அது ஞாபகம் வந்துவிட்டது. முகம் கறுத்துப்போனது. துறைமுகச் சாலையில் நான் எப்படி நின்றேனோ, அப்படியே நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"நீ கும்பிடலயாம்மா?" என்றார் மானேஜர் வீட்டம்மா.

கும்பிட்டேன். ஆனால் சத்தம் வரவில்லை.

மாடியிறங்கும்போது, முன்னால் போனவர்கள் கீழே போய்ச் சேர்ந்த பிறகு, அவர் படியில் நின்று என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "அன்னைக்கு நீ பாத்துட்டியா?"

"பாத்தேங்க."

தை மாதம் பெரம்பூரில் வீடு பிடித்தார். ஹைகோர்ட் கதையை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை. மாமியார் நான் சமர்த்தாக நடந்துகொண்டதால்தான் வீடு கிடைத்தது என்று ஊரெல்லாம் சொன்னார். எனக்கு அந்த வீட்டுக்குள் முதல் தடவை நுழையும்போதுகூட முழு சந்தோஷம் வரவில்லை. அவருக்கு என்மேல் மனசு வந்து பிடித்த வீடா, நான் பார்த்துவிட்டேன் என்ற கூச்சத்தில் பிடித்த வீடா என்று தெரியவில்லை. கேட்கவும் வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு கார்த்திகைக்கும் ஊருக்கு வருவோம். தீபம் ஏறும் நேரத்தில் அவர் மாடியின் அந்தக் கோடியில் நிற்பார், நான் இந்தக் கோடியில் நிற்பேன். ஒருவர் கையை ஒருவர் பார்க்காமல் கும்பிட்டு முடித்துவிட்டு, கீழே வந்து ஒரே தட்டில் பொரி சாப்பிடுவோம்.